பதினேழாம் நம்பர் கதவு

கச்சேரி ரோட்டுப் பாலத்துக்குச் சற்றுத் தெற்கே, கால்வாயின் கரையில் ஒரு கதவு நின்றிருந்தது. நல்ல தேக்கு. பித்தளையில் தாமரைக் குமிழ், உள்தாழ்ப்பாள், சாவித் துவாரம், நெற்றியில் தகரத் தகட்டில் பதினேழு என்று நம்பர். வீடுதான் இல்லை. கதவைத் திறந்தால் எதிரே தண்ணீர். தண்ணீரில் படகு கட்டியிருந்தால் அது வெள்ளைத்துரையின் வீடு. கட்டியிருக்காவிட்டால், வெள்ளைத்துரை வீட்டோடு வெளியூர் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

வெள்ளைத்துரை விறகுப் படகுக்காரர். பெயரில்தான் துரை, ஒரு துண்டும் ஒரு தலைப்பாகையும் தவிர உடம்பில் வேறு அதிகாரம் எதுவும் இருந்ததில்லை. அவர் பிறந்ததே படகில், இரண்டு லாக்குகளுக்கு நடுவில். தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை விடும் மதகுக்குக் கால்வாய்க்காரர் வாயில் லாக்கு என்று பெயர். பிள்ளை தெற்கே பிறந்தது என்று வடக்கு லாக்குக்காரர் சொல்லிவிட்டார்; வடக்கே பிறந்தது என்று தெற்கு லாக்குக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே பிள்ளை பிறந்ததை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளாவிட்டால் என்ன, பிள்ளை வளர்ந்தது. படகின் கூண்டுக்குள் தூங்கி, பின்பக்கத்து மண் அடுப்பில் சமைத்துத் தின்று, அங்கேயே கல்யாணமும் முடித்து, பெண்டாட்டியையும் அங்கேயே பறிகொடுத்து, ஐம்பது வயதைத் தொட்டபோது வெள்ளைத்துரைக்கு இருந்த வியாதி ஒன்றே ஒன்று. கரையில் கால் வைத்தால் தலை சுற்றும். ஊரில் மற்றவர்களுக்குப் படகில் ஏறினால் குமட்டும். இவருக்குத் தரை அசையாமல் இருப்பதைப் பார்த்தால் குமட்டும். கோவிலுக்குப் போக வேண்டுமென்றால்கூட கும்பாபிஷேகத்தன்று கூண்டின் மேல் ஏறி நின்று, தெரிகிற மட்டும் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

கதவு அவரிடம் வந்தது நாற்பத்திரண்டில். ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்று பட்டணம் பாதி காலியான சித்திரை மாதம் அது. பக்கத்துத் தெருப் பதினேழாம் நம்பர் வீட்டு சுவாமிநாதன், ரிட்டையரான ரெவின்யூ குமாஸ்தா, சதுரங்கப்பட்டினத்தில் இருந்த மைத்துனன் வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். ரயிலில் இடம் இல்லை, பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. வெள்ளைத்துரையின் படகில் பாத்திரம், பண்டம், மாமியார், தம்பூரா எல்லாம் ஏறின. கடைசியில் வாசற்கதவும் ஏறியது.

"கதவை எதுக்கு சாமி?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

"பர்மாத் தேக்குடா. ஜப்பான்காரன் விட்டாலும் மயிலாப்பூர்க்காரன் விடமாட்டான்" என்றார் சுவாமிநாதன்.

ஜப்பான்காரன் வராமலே போனான். மூன்று மாதம் கழித்து எல்லோரும் அதே படகில் திரும்பினார்கள். ஆனால் படகின் அடித்தண்ணீரில் ஊறிய கதவு, தன் பழைய வாசல் நிலைக்குள் நுழைய மாட்டேன் என்று நாலு விரற்கடை பருத்துப்போயிருந்தது. சுவாமிநாதன் புதுக்கதவு போட்டுக்கொண்டார். பழையது படகிலேயே கிடந்தது. வெள்ளைத்துரை அதைக் கரைக்கும் படகுக்கும் நடுவில் குறுக்கே போட்டு, ஏறி இறங்கும் பலகையாக்கிக்கொண்டார். அந்தப் பலகை மேல் விறகு இறங்கியது, அரிசி ஏறியது. ஆறு வருஷச் சேறு படிந்து அது கதவு என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

நாற்பத்தாறில் எலெக்‌ஷன் வந்தது. பாலத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க அலுத்த மேல்கரை வாக்காளர்களை இக்கரைக்குக் கொண்டுவர, ஒரு வேட்பாளரின் ஆட்கள் வெள்ளைத்துரையின் படகுக்கு மாவிலைத் தோரணம் கட்டினார்கள். காலையிலிருந்து மாலை வரை அவர் ஊரைக் கடத்தி விட்டுக்கொண்டே இருந்தார். சரிகை அங்கவஸ்திரங்களும் கொலுசுக் கால்களும் அந்தப் பலகையில் ஏறி, அந்தப் பலகையில் இறங்கி, ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பின. மேல்கரையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த சுவாமிநாதனும் அன்றைக்குப் படகில் வந்தார்.

"உள்ளே போயி இன்னா சாமி பண்றீங்க எல்லாரும்?"

"ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கலர்லே பெட்டி வச்சிருக்கும். வேணுங்கிற பெட்டியிலே சீட்டைப் போட்டுட்டு வரவேண்டியதுதான்."

"நானும் ஒண்ணு போட்டுட்டு வந்துடட்டா? படகு சும்மாத்தானே கீது."

படகில் இருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். படகு அந்தச் சிரிப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"வரி கட்டறவாளுக்கும் படிச்சவாளுக்கும்தான்டா ஓட்டு. கார்ப்பரேஷன் எலெக்‌ஷனானாலும் சரி, சட்டசபையானாலும் சரி. தண்ணியிலே மிதக்கறவனுக்கு ஏது?" என்றார் சுவாமிநாதன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெயில் சுடுகிறது என்று சொல்வதைப் போல உள்ளதைச் சொன்னார்.

வெள்ளைத்துரை கழியை ஊன்றித் தள்ளினார். அன்றைக்கு நூற்றுப்பன்னிரண்டு பேரை அவர் கடத்தி விட்டார். எண்ணிக்கை அவருக்குத் தெரியும், எண்ணத் தெரிந்தவர். அந்த நூற்றுப்பன்னிரண்டு பேரும் தன் பலகையை மிதித்துப் போனதை அவர் யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டதில்லை. ஆனால் அன்று முதல் எலெக்‌ஷன் என்ற பேச்சு எந்தப் படகில் எழுந்தாலும் கழியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அந்தப் பேச்சு அவர் படகுக்கே வந்தது. சாந்தோமைச் சேர்ந்த இக்னேஷியஸ், வாக்காளர் பட்டியல் எடுக்கத் தற்காலிகமாக வேலைக்கு அமர்த்தப்பட்ட குமாஸ்தா, நீளமான நோட்டுப் புத்தகமும் பாட்டிலில் மசியுமாகத் தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். எழுத்து மணி மணியாக இருக்கும். எழுதியதை அடித்தால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டியிருக்கும் என்று பயப்படுகிறவர். சுவாமிநாதனின் தெருவை முடித்துவிட்டு, அதன் கோடியில் இருந்த ஜைதூன் பீயின் விறகுத் தொட்டிக்கு வந்தார். வெள்ளைத்துரை கொண்டுவரும் விறகெல்லாம் அங்கேதான் இறங்கும். ஜைதூன் பீ புருஷன் போன பிறகு தொட்டியைத் தனியாக நடத்திவந்தாள். தராசில் கட்டையை எறிந்து எடையைக் கூவினாளானால் பாலத்தில் போகிற மாடு மிரளும்.

ஜைதூன் பீயின் பெயரை எழுதி முடித்த இக்னேஷியஸிடம் வெள்ளைத்துரை படகிலிருந்தே கூவினார். "நைனா, இந்த வாட்டி யாருக்கு ஓட்டு?"

"எல்லாருக்கும்பா. இருபத்தொரு வயசு ஆயிருந்தா ஆம்பளை பொம்பளை அத்தினி பேருக்கும். சொத்து வேணாம், வரி வேணாம், படிப்பு வேணாம்."

"அப்ப என்னிய எழுதிக்கோ."

இக்னேஷியஸ் பலகையில் ஏறி, பாதி வழியில் நின்று, நோட்டைப் பிரித்தார்.

"பேரு?"

"வெள்ளைத்துரை."

"வயசு?"

"அம்பதுன்னு போட்டுக்கோ. ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய இருந்தா தண்ணியோட போவட்டும்."

"கதவு நம்பர்?"

வெள்ளைத்துரை கூண்டைத் திரும்பிப் பார்த்தார். "படகுக்கு ஏது நைனா கதவு? லைசென்சு நம்பர் பக்கத்துலே எழுதிகீது. அத்தப் பார்த்துப் போட்டுக்கோ."

"அது படகோட நம்பர். படகா ஓட்டுப் போடப் போவுது? இதோ பாரு, முதல் கட்டமே கதவு நம்பர்தான். ஆள் நூத்தியெம்பது நாளா ஒரே இடத்துலே குடியிருக்கானான்னு பார்க்கணும். அதுக்கு இடம் வேணும். இடம்னா கதவு. முதல் கட்டம் காலின்னா மீதிக் கட்டத்துக்கு நான் போகவே முடியாது."

ரோட்டோரத்தில் படுப்பவனையும் எப்படி எழுதுவது என்று மேலே எங்கேயோ ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கலாம். அது இக்னேஷியஸ் வரை வந்து சேரவில்லை. வராத சுற்றறிக்கையை அவர் எப்படி மதிப்பார்?

கரையிலிருந்து ஜைதூன் பீ ஒரு யோசனை சொன்னாள். "என் கதவுலே எழுதிக்கோப்பா. இந்த ஆளு என் வெறகுலே தானே பொழைக்கிறாரு."

"வாணாம் பீபி. ஒரே வூட்டுலே ரெண்டு பேருன்னு எழுதி, அத்த சுவத்துலே ஒட்டி, ஊரே படிக்கும். எனக்கு ஓட்டு வரும், உனக்குப் பேரு போவும்."

ஜைதூன் பீ யோசித்துப் பார்த்து, தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளைத்துரையும் தலையைக் குனிந்து யோசித்தார். குனிந்த இடத்தில் இக்னேஷியஸின் செருப்பு தெரிந்தது. செருப்புக்குக் கீழே சேறு. சேற்றுக்குக் கீழே...

"நைனா, கொஞ்சம் காலை எடு."

ஒரு செம்பு நிறையத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். இன்னொரு செம்பு. ஒரு தாமரை வந்தது. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தார். பதினேழு வந்தது.

"சேசுவே!" என்றார் இக்னேஷியஸ்.

"கதவு. நம்பரு. போட்டுக்கோ."

இக்னேஷியஸ் பலகையிலிருந்து கீழே இறங்கி நின்று அதைப் பார்த்தார். மனசாட்சி உள்ள மனிதர் இல்லையா. "கதவுதான். ஆனா படுத்துகினு இருக்குதேப்பா. கதவுன்னா நிக்கணும்."

அன்று மத்தியானத்துக்குள் அது நின்றது. ஜைதூன் பீயின் தொட்டியிலிருந்து வாங்கிய இரண்டு சவுக்குக் கம்பங்கள் கரையோரத்தில் இறங்கின. பழைய கீலிலேயே கதவு மாட்டப்பட்டது. படகுக்குப் போகிறவர்கள் இனிமேல் கதவைத் திறந்து உள்ளே போய், ஒரு தென்னங்கட்டையில் கால் வைத்துப் படகில் ஏற வேண்டும். மறுநாள் வந்த இக்னேஷியஸ் கதவைத் தட்டிப் பார்த்தார், திறந்து மூடிப் பார்த்தார், பிறகு கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினார்: பதினேழு, வெள்ளைத்துரை, ஆண், ஐம்பது.

"பரிசோதனைக்கு ஆபீசர் வந்தாலும் வருவாரு. வூட்டுலே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைத்துரை வீட்டிலேயே இருந்தார். பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, படகு நகரவில்லை. காலையில் கதவைத் திறப்பார், சாயங்காலம் மூடுவார். ஜைதூன் பீயின் தொட்டியில் மலையாய் இருந்த விறகு மேடாகி, மேடு தரையாகி, கடைசியில் தராசு மட்டும் மிஞ்சியது.

"ஓட்டை அடுப்புலே வச்சா எரியுமா?" என்று கேட்டாள் அவள். "மழை வரப்போவுது. மயிலாப்பூர் முழுக்க என்னைப் பார்த்துத் திட்டுது. போய் ஒரே ஒரு நடை எடுத்துகினு வா. உன் கதவை நான் பார்த்துக்கறேன்."

"ஆபீசரு வந்துட்டாருன்னா?"

"இருபது நாளா வராதவரு இந்த நாலு நாள்லேயா வந்து குதிக்கப் போறாரு?"

செவ்வாய்க்கிழமை வெள்ளைத்துரை பழவேற்காட்டுக்குப் படகை அவிழ்த்தார். சனிக்கிழமை காலை இக்னேஷியஸ் ஓடி வந்தார், கையில் ஆபீஸ் நோட்டீசு. ஒரே தெருவில் இரண்டு பதினேழு இருப்பதை ஆபீசு கண்டுபிடித்துவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி நேரில் வருவார். அப்போது குடியிருப்பவர் இல்லையென்றால் பெயர் அடிக்கப்படும். எழுதிய குமாஸ்தாவிடமும் விளக்கம் கேட்கப்படும்.

"அவரு பேரு மட்டுமில்லே, என் சீட்டும் கிழியும்" என்றார் இக்னேஷியஸ்.

ஜைதூன் பீ நேரே கரைக்குப் போனாள். வடக்கே போகும் உப்புப் படகு ஒன்று பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாட்டை மிரட்டும் அந்தக் குரலில் கூவினாள்: "வெள்ளைத்துரைக்குச் சொல்லு! திங்கக்கிழமை பத்து மணி! கதவுக்குப் பின்னாலே நில்லு!"

உப்புப் படகு சேப்பாக்கத்தில் ஒரு கிளிஞ்சல் படகைப் பார்த்துக் கூவியது. கிளிஞ்சல் படகு பேசின் பிரிட்ஜில் ஒரு வைக்கோல் படகைப் பார்த்துக் கூவியது. அது எண்ணூரில் கூவ, அங்கேயிருந்து இன்னொன்று கூவ, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் செய்தி, ஒரு சொல் கூடாமல் குறையாமல், பழவேற்காட்டில் விறகு ஏற்றிக்கொண்டிருந்த வெள்ளைத்துரையின் காதில் விழுந்தது. தந்தி ஆபீசுக்காரர்கள் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். கடைசியில் கூவிய படகுக்காரர், "கதவுக்குப் பின்னாலேன்றாங்களே, எந்தக் கதவு அண்ணாத்தே?" என்று கேட்டாராம். பதில் சொல்ல வெள்ளைத்துரை அங்கே இல்லை. பாதிச் சுமையோடு படகைத் திருப்பிவிட்டிருந்தார்.

காற்று எதிர்க்காற்று. பாய் பயன்படவில்லை. கழி ஊன்றினால் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஒரே வழிதான் மிச்சம்: கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் மாட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கோவிலுக்கே நடக்காத மனிதர் இறங்கினார். சுக்கானைக் கட்டிவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டு, கண்ணைத் தண்ணீரை விட்டு எடுக்காமல் நடந்தார். கண் ஒரு கணம் தரைப்பக்கம் போனாலும் தலை சுற்றியது. இரண்டு தடவை உட்கார்ந்து குமட்டினார். எழுந்து மறுபடி நடந்தார். லாக்குக்காரர்களுக்கும் செய்தி எட்டியிருந்தது. பிள்ளை பிறந்ததை எழுத மறுத்த அந்த இரண்டு லாக்குகளில் இப்போது வேறு ஆட்கள். இருவரும் முறை பார்க்காமல் மதகுக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் விசாரணை அதிகாரி சந்திரமௌலி வந்தார். பஞ்சகச்சம், மூடின கோட்டு, தலைப்பாகை, கையில் குடை, கோட்டுப் பையில் சங்கிலிக் கடிகாரம். பின்னால் இக்னேஷியஸ், நோட்டை மார்போடு அணைத்தபடி. தொட்டி வாசலில் ஜைதூன் பீ.

சந்திரமௌலி கதவைப் பார்த்தார். இடப்பக்கம் ஓரடி தள்ளி வெறும் கரை, வலப்பக்கமும் அப்படியே. ஆடு ஒன்று கதவைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தது. சந்திரமௌலி சுற்றவில்லை. அடுத்தவர் வீட்டுக்குப் பக்கவாட்டில் நுழைவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. குடையை மடக்கிக்கொண்டு தாமரைக் குமிழை இரண்டு தரம் தட்டினார்.

"ஆத்துக்காரர் உள்ளே இருக்காரா?"

"இருக்காரு சாமி" என்றாள் ஜைதூன் பீ. "பூசை பண்ணிகினு கீறாரு."

"பண்ணட்டும்."

பத்து மணி ஆயிற்று. மறுபடி தட்டினார்.

"இப்ப சாப்புடறாரு."

"சாப்பிடட்டும்."

பத்தே கால் ஆயிற்று.

"குளிக்கிறாரு சாமி."

சந்திரமௌலி அவளைத் திரும்பிப் பார்த்தார். "பூஜை, போஜனம், அப்புறம் ஸ்நானம். இந்தாத்துலே எல்லாம் தலைகீழாவா நடக்கறது?"

"தண்ணியிலே இருக்கறவங்க இல்லியா, வழக்கம் கொஞ்சம் வேறே" என்றாள் ஜைதூன் பீ, முகத்தில் ஒரு தசை அசையாமல்.

இக்னேஷியஸ் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார். சந்திரமௌலி குனிந்து சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தார். உள்ளே கால்வாய் தெரிந்தது. கட்டு முளையின் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அது அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தொட்டி வாசலில் கிடந்த கட்டையின் மேல் உட்கார்ந்து, கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

"அரைமணி அவகாசம் உண்டு" என்றார். "பத்தரைக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் அடிச்சுடுவேன்."

பத்து இருபது. பத்து இருபத்திரண்டு. ஜைதூன் பீ வடக்கே பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டாள். பத்து இருபத்தைந்துக்கு மீன்கொத்தி விருட்டென்று கதவுக்கு மேலாகப் பறந்து வந்தது. கதவுக்குப் பின்னால் மரத்தில் மரம் மோதும் சத்தம் கேட்டது. கரை அதிர்ந்தது, கதவு கடகடவென்று ஆடியது. யாரோ தென்னங்கட்டையில் கால் வைத்தார்கள்.

சந்திரமௌலி எழுந்து, கோட்டை நீவி விட்டுக்கொண்டு, மூன்றாம் முறையாகத் தட்டினார்.

"யாரது?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். மூச்சு வாங்கியது.

"ஓட்டர் ஜாபிதா பரிசோதனை."

"கொஞ்சம் இரு நைனா. தாப்பா தொறக்கறேன்."

கதவு திறந்தது. வெள்ளைத்துரை நின்றார். முழங்கால் வரை சேறு. வலது தோளில் கயிறு அறுத்த கோடு, ரத்தம் கட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் பாதி விறகோடு படகு ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ளே வாங்க சாமி."

சந்திரமௌலி உள்ளே போனார். படகு அசைந்ததும் அவருக்குத் தலை சுற்றியது. விறகின் மேல் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். வெள்ளைத்துரைக்கோ அப்போதுதான் தலை சுற்றுவது நின்றது. மோர் இல்லாததற்கு வருத்தப்பட்டு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். இக்னேஷியஸ் கதவின் நிலையில் நின்று மசி பாட்டிலைத் திறந்தார்.

"ஏம்ப்பா, காலம்பற பத்து மணிக்கு நீ வீட்டிலே இருந்தியா?"

கரையில் ஜைதூன் பீ, ஆமாம் சொல்லு என்று தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினாள். வெள்ளைத்துரை அதைப் பார்த்தார்.

"இருந்தேன் சாமி."

"எங்கே இருந்தே?"

"வூட்டுலேதான். வூடு அப்போ ஐஸ்ஹவுஸாண்ட வந்துகினு இருந்திச்சு."

ஜைதூன் பீ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சந்திரமௌலி செம்பைக் கீழே வைத்தார். "நூத்தியெண்பது நாள் ஓரிடத்திலே குடியிருக்கணும்கிறது விதி. வீடே ஊர்கோலம் போனா அதை நான் எந்த இடம்னு எழுதறது?"

"சாமி தினம் ஆபீசு போவீங்க. சாயந்தரம் வூட்டுக்குத் திரும்பிடுவீங்க. நடுவுலே யாராச்சும் வந்து, சாமி வூட்டைக் காலி பண்ணிட்டாருன்னு எழுதுவாங்களா? நான் வேலைக்குப் போவசொல்லோ வூட்டையும் இட்டுகினு போறேன். ஆனா திரும்பிவந்து கட்டறது இந்த முளையிலேதான். எங்கப்பன் கட்டினதும் இதுலேதான். நம்பலேன்னா கையை வச்சுப் பாரு."

சந்திரமௌலி படகின் விளிம்பிலிருந்து கையை நீட்டினார். மீன்கொத்தி உட்கார்ந்திருந்த அந்தக் கருங்கல் முளையின் இடுப்பில் கயிறு தேய்த்த பள்ளம் இருந்தது. விரலை விட்டார். இரண்டாம் கணுவரை போயிற்று. கல்லில் கயிறு அவ்வளவு ஆழம் தோண்ட எத்தனை நூற்றியெண்பது நாள் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார் போலிருக்கிறது. விரலைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"குடியிருப்பு சரி" என்றார். "நம்பர்தான் உதைக்கறது. பதினேழு சுவாமிநாதனோடது."

"கதவும் அவருதுதான் சாமி. நாப்பத்திரெண்டுலே வுட்டுட்டுப் போனாரு."

சந்திரமௌலி இக்னேஷியஸின் நோட்டை வாங்கி, பதினேழுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, ஒன்று என்று எழுதினார். பதினேழின் கீழ் ஒன்று. குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இக்னேஷியஸ் பயந்துகொண்டே கேட்டார்.

"உள்ளதை எழுதும் ஓய். கதவு கரையில், வீடு தண்ணீரில்."

எழுந்து, வந்த வழியே வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார் சந்திரமௌலி. ஆடு மறுபடியும் கதவைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போயிற்று.

பட்டியலை நகல் எடுத்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட மறு வருஷம் பொங்கல் கழிந்தது. பேர் விட்டுப்போனவர்கள் மனுக் கொடுக்கலாம், செத்தவர்கள் பேர் இருந்தால் சொல்லலாம் என்று தமுக்கு அடித்தார்கள். வெள்ளைத்துரை தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்றார். இக்னேஷியஸின் தோளை ஒரு கையாலும் தெருச் சுவரை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, கள் குடித்தவர் போல ஆடி ஆடி, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார். சுவரருகே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி சுவாமிநாதன் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பதினேழு... சுவாமிநாதன். சரி. பதினேழின் கீழ் ஒன்று... வெள்ளைத்துரையா? எவன்டா அவன், என் நம்பர்லே?"

"நான்தான் சாமி. உங்க கதவுலே கீறேன்."

சுவாமிநாதன் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தாறு நினைவுக்கு வந்ததோ, நாற்பத்திரண்டு நினைவுக்கு வந்ததோ, தெரியவில்லை. "அது பர்மாத் தேக்குடா!" என்றார்.

"எடுத்துகினு போங்க சாமி, வாணாங்கலே. எலெக்‌ஷன் முடியட்டும்."

இக்னேஷியஸ் வெள்ளைத்துரையின் விரலைப் பிடித்து எழுத்துக்களின் மேல் ஓட்டிக் காட்டினார். வெள்ளைத்துரை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, மசி காய்ந்துவிட்டதா என்று கேட்டார். காய்ந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

அடுத்த நடைக்குக் கிளம்பியபோது அவர் செய்த முதல் காரியம், கதவைச் சாத்தி, மூர் மார்க்கெட்டிலிருந்து தருவித்த ஒரு பெரிய பூட்டை மாட்டியது. சாவியை ஜைதூன் பீயிடம் நீட்டினார்.

அவள் கதவின் இடப்பக்கத்தைப் பார்த்தாள், வலப்பக்கத்தைப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்குது. நடுவுலே பூட்டு இன்னாத்துக்கு? ஆடு மாடெல்லாம் சுத்திகினு போவுது, வருது."

"ஆடு போவும் பீபி" என்றார் வெள்ளைத்துரை, படகில் ஏறிக் கழியை எடுத்தபடி. "ஆபீசரு சுத்திகினு போவமாட்டாரு."